ஆளுக்கு ஒரு ஜோடி

பொம்மைக்குச் சிறுநீர்க் குழாய் போடுவதுதான் நர்சிங் மாணவிகளுக்கு அன்றைய செய்முறைத் தேர்வு. ஆளுக்குப் பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு ஜோடி கிருமி நீக்கிய கையுறை. பன்னிரண்டு வருஷமாக நான் வைத்திருக்கும் ஏற்பாடு. என் மேஜையில் ஒரு பஞ்சுகூட அதிகமாக இருக்காது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பதினோரு பெண்கள் முடித்துவிட்டார்கள். படக்கூடாத இடத்தில் ஒருத்தி கையும் படவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பெரிய மீசைக்காரர், தலையை ஆட்டி ஆட்டி மதிப்பெண் போட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக வந்தவளுக்கு வகுப்பில் ஆமை என்று பெயர். வைத்தது தோழிகள்தான், ஆனால் என் வாயிலும் அதுதான் வரும். அடுத்த மாதம் முதல் தேதி அவள் வேலையில் சேர வேண்டும். இன்று தேறாவிட்டால் மறுதேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். வேலை அதுவரை காத்திருக்குமா என்ன?

ஆறாவது நிமிடம், குழாயைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, சிலை மாதிரி நிக்கறே?"

"கை தொடையில பட்டுடுச்சு மேடம். வேற கிளவுஸ் வேணும்."

நான் பார்க்கவில்லை. மீசைக்காரரும் பார்க்கவில்லை. பேசாமல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, அவள் மேல்தான்.

"மேஜையில இருக்கிறது அவ்வளவுதான்."

"அப்ப இதைப் போட முடியாது மேடம். இவங்களுக்குக் காய்ச்சல் வந்துடும்."

பொம்மைக்குக் காய்ச்சல்! மீசைக்காரர் சிரித்தேவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் என் அக்காவுக்கு இதே மாதிரிக் குழாய் வழியாகத்தான் கிருமி ஏறியது. பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். குழாய் போட்ட நர்ஸை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் எங்கே படித்தாள், யாரிடம் படித்தாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நானே எழுந்து ஓடினேன். சாவியைத் தேடி, அலமாரியைத் திறந்து, புது ஜோடியும் புதுக் குழாயும் கொண்டுவந்தேன். அவள் முதலிலிருந்து, அவசரமே இல்லாமல், அழகாகச் செய்தாள். மொத்தம் பதினெட்டு நிமிடம்.

"ரூல்ஸ்படி ஃபெயில்," என்றார் மீசைக்காரர்.

"ஒரே ஜோடி வெச்சது நான் சார். அந்தத் தாமதத்தை என் பேர்ல எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

அவர் தாளின் ஓரத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுதினார். பிறகு 'தேர்ச்சி' என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

"மத்தவங்களுக்கு ஒரு ஜோடி போதுமா இருந்ததே மேடம்?" என்று கேட்டார்.

எனக்கும் அதுதான் உறுத்தியது. வெளியே அரட்டையடித்துக்கொண்டிருந்த பதினோரு பேரையும் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை செய்யுங்க. இப்ப ரெண்டு ஜோடி இருக்கு, நேரக் கணக்கு கிடையாது. கை பட்டா மாத்திக்கோங்க. யாருக்கும் மார்க் குறையாது." முனகிக்கொண்டே வந்தார்கள்.

ஏழு பேர் இரண்டாவது ஜோடியைப் பிரித்தார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் நான் தேர்ச்சி கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் எந்தெந்த வார்டில் இருக்கிறார்களோ. எல்லாருமே பத்து நிமிடத்துக்குள் முடித்தவர்கள்.