நிமிரச் சொன்ன விதம்

மகாலட்சுமிக்கு மூட்டுவலி. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதால் கம்பம் ஊரில் புதிதாகத் திறந்த ஜிம்மில் சேர்ந்தாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் கணவன் ஈஸ்வரபாண்டியும் கூடவே சேர்ந்தான். சிறு வயதிலிருந்தே திராட்சைப் பெட்டி சுமந்த உடம்பு. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு.

பயிற்சியாளன் சுருளிராஜன் அவளுக்கு உட்கார்ந்து எழச் சொல்லிக்கொடுத்தான்.

"முட்டி உள்ளாற போகுதுக்கா. லேசா வெளிய தள்ளுங்க. ஆங், அம்புட்டுத்தான். நல்லா வருது."

மகாலட்சுமி கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஈஸ்வரபாண்டிக்கு வயிறு எரிந்தது.

வண்டியில் திரும்பும்போது கேட்டுவிட்டான். "அவன் சொன்னா மட்டும் ஒடனே கேக்குற. நான் இத்தன வருசமா நேரா நில்லுன்னு கத்துறேனே, காதுல விழுகலையா?"

"விழுந்துச்சு. எருமை மாதிரி கூனிக்கிட்டு நிக்காதன்னுல்ல சொன்னீக? அதக் கேட்டா யாருக்கு நிமிரத் தோணும்?"

அவனுக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் சுருளிராஜன் அவளை நடுவில் நிறுத்தி, "அக்கா செய்யிறத எல்லாரும் பாருங்க" என்றான். எல்லோரும் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற ஈஸ்வரபாண்டியை யாரும் பார்க்கவில்லை. அவன் விறுவிறுவென்று தான் தூக்கும் கம்பியில் இன்னும் சில எடைத் தட்டுகளை மாட்டினான்.

"அண்ணே, முதுகு வளையுது! எடையக் கொறைங்க!"

சுருளிராஜன் ஓடிவருவதற்குள் அவன் வெடுக்கென்று தூக்கிவிட்டான். இடுப்பில் சுளீரென்றது. கம்பி விழுந்த சத்தத்தில் ஜிம்மே திரும்பியது. யாராவது சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பான். யாரும் சிரிக்கவில்லை. சுருளிராஜனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏற முடிந்தது.

வீட்டில் படுக்கை. மகாலட்சுமி காலையில் சுக்குக்காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு ஜிம்முக்குப் போனாள். அவள் திரும்பும்வரை கேட்டையே பார்த்துக் கிடந்தான். இப்போது சுருளிராஜன் அவளுக்கு என்ன சொல்லிக்கொண்டிருப்பான், அவள் எதற்குச் சிரிப்பாள் என்றே மனம் ஓடியது.

எழுந்து நடக்க முடிந்த அன்று, அவள் அரிசி மூட்டையை நகர்த்துவதைப் பார்த்தான். இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல், மூச்சு வாங்காமல் தூக்கி வைத்தாள்.

"எனக்கும் அதச் சொல்லிக் குடேன்" என்றான்.

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு அவன் முதுகில் கைவைத்துக் குனிய வைத்தாள். தப்பாகத்தான் குனிந்தான். அவள் திட்டவில்லை. "இன்னொருக்கா, மெதுவா" என்றாள்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?"

இதுவரை எதையும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. மகாலட்சுமி கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க. ஆனா அங்கன வந்து என்னையவே பாத்துக்கிட்டு நிக்காதீக."