நாலு பத்துக்கு வரும் கரடி

அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. வேறொரு சட்டையிலிருந்து ஒன்றை அறுத்தெடுத்து, ஊசியில் நூல் கோர்க்க மூன்றாவது முறையாக முயன்றுகொண்டிருந்தாள் அவள். நூல் முனையை நாக்கில் நனைத்தாள், விரலால் கூராக்கினாள். ஊசியின் காது மட்டும் அகப்படவில்லை. நாற்பது நாள் பூட்டிக் கிடந்த அப்பாவின் வீடு. ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்க நேரமில்லை. எழுந்துபோய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டாள். ஹாலில் குழல்விளக்கு இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது.

மணி நாலடிக்கப் போகிறது. ஐந்துக்கு எடுக்கிறார்கள்.

அப்பா முதியோர் இல்லத்தின் பின்னறையில் கிடந்தார். காலையில் எழுப்பப் போன பணிப்பெண் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, பத்து மணிக்குத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நல்ல சட்டையாக ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணன் தன்னுடைய வேனிலேயே அவளைக் கூட்டிவந்தான். ஊர் ஊராக சரக்கு ஏற்றிப் போகிற வேன் அது. வந்தவன் உள்ளே நுழையவில்லை. வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி யார் யாருக்கோ போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இந்த வீட்டைப் பூட்டிய நாளிலிருந்து அவன் இங்கே வந்ததில்லை. அவளோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை.

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லையா? அதுதான் சண்டை. அவள் ஆமாம் என்றாள். அவன் இல்லை என்றான். அவள் ஜெயித்தாள்.

அப்பா துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். முப்பத்தொரு வருஷம். எந்த சுவிட்சை எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். தப்பான சுவிட்சைப் போட்டால் எங்கோ கம்பத்தின் மேல் நிற்பவன் கரிக்கட்டையாகிவிடுவான். அதனால் கை வைப்பதற்கு முன் சுவிட்சின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஃபேன் போடும்போதும் உதடு அசையும். அம்மா இருந்த காலத்தில், மிக்ஸிக்கு என்ன நம்பர் என்று கேட்டு அவரைச் சீண்டுவாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மகளுக்கு போன் செய்தார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் என்றால் கவுண்டரில் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"டிவி தானா ஆன் ஆகுதும்மா. நான் ரிமோட்டைத் தொடக்கூட இல்ல."

"ரிமோட் மேல உக்காந்திருப்பீங்க. எந்திரிச்சுப் பாருங்கப்பா."

கவுண்டரில் நின்ற ஒருவர் சிரித்தார். அவளும் சிரித்தபடி போனை வைத்தாள்.

மறுநாளும் அதே போன். அதற்கு மறுநாளும். ஒரு மெக்கானிக்கை அனுப்பினாள். அவர் டிவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, செட் புதுசு மாதிரி இருக்கிறது, பெரியவரைத்தான் ஒருதரம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று வெளியே வந்து சொன்னார். அப்பா ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டார். அதற்கும் அவள்தான் சத்தம் போட்டாள். அந்த டிவியின் கேமராவில்தான் அவள் அவரோடு தினமும் முகம் பார்த்துப் பேசுவாள். தனியாக இருக்கிற மனிதரை வேறு எப்படிக் கண்காணிப்பது? அப்பா சொன்ன பேச்சுக் கேட்டு ப்ளக்கைத் திரும்பச் சொருகினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவாள். ஒரு ஞாயிறு அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று மணி நேரம் டிவிக்கு முன்னாலேயே இருந்தாள். கறுப்புக் கண்ணாடியில் மூன்று பேரின் முகம்தான் தெரிந்தது. எதுவும் ஆன் ஆகவில்லை. "நீ வந்தா வர மாட்டேங்குதும்மா" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த கூச்சத்தைக் கேட்டுத்தான் அவளுக்கு முதன்முதலாக பயம் வந்தது.

மருந்துக்கடையில் இதே கதையை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். என் பணத்தை யாரோ எடுக்கிறார்கள், மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள். அப்படிச் சொல்லும் பெரியவர்களின் பிள்ளைகள்தான் அதற்கென்று ஒரு வெள்ளை மாத்திரையை மாதாமாதம் வாங்கிப்போவார்கள்.

டாக்டர் நல்லவர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"டிவியில என்னங்க ஐயா வருது?"

"கரடி."

"கரடி என்ன பண்ணுது?"

"குடை பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுது. நான் நிறுத்தினா திரும்ப வந்துருது."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அது தன் மகள் பார்க்கிற கார்ட்டூன் என்றும், தன் வீட்டுக்கு வந்தபோது பார்த்தது அவர் மண்டையில் ஏறிவிட்டதென்றும் விளக்கினாள். அப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைத்திருந்தார். டாக்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, இப்படித் திரும்பத் திரும்ப எழுதுவதும் ஒரு அறிகுறிதான் என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். அப்பா பகலிலும் தூங்கினார். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. அண்ணன் வேனைப் போட்டுவிட்டு வந்து கத்தினான். மாத்திரையைக் கொடுத்துக் கிழவரைக் கிறங்கடித்துவிட்டு மறதி என்கிறாயா என்று கேட்டான். அவள் விடவில்லை. மாசத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். அப்பாவை இல்லத்தில் சேர்த்தாள். போகும்போது அவர் எதுவும் கேட்கவில்லை. அங்கே போன பத்தாம் நாள் அவளோடு பேச்சை நிறுத்தினார். அப்புறம் சாப்பாட்டை.

நூல் கோர்த்தாகிவிட்டது. பட்டனை வைத்து நாலு தையல் போட்டிருப்பாள். எதிரே டிவி பளிச்சென்று எரிந்தது. கரடி குடையை விரித்துக்கொண்டு பாடியது.

அவள் ரிமோட்டைத் தேடினாள். அது எட்டடி தள்ளி, அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது என்றைக்கோ நின்றுபோயிருந்தது. கைபேசியில் நாலு பத்து.

எழுந்து அணைத்தாள். டிவி மறுபடி எரிந்தது. இப்போது வேறு பாட்டு.

வீட்டுக்கு போன் போட்டாள். கணவன் எடுத்தான். காலை ஷிஃப்ட் முடித்துவந்து மகளைப் பார்த்துக்கொள்கிறவன். குழந்தைக்கு இன்னும் தாத்தாவைப் பற்றிச் சொல்லவில்லை, எப்போதும்போல் இருக்கட்டும் என்று விட்டிருப்பதாகச் சொன்னான். அவன் குரலுக்குப் பின்னால் கரடி பாடுவது கேட்டது. அதே பாட்டு. அதே அடி.

"பாப்பா டிவியை எப்படிப் போடறா?"

"இதென்ன இப்ப கேக்கற? அந்த ஸ்பீக்கர்கிட்ட சொல்லுவா. 'ஹால் டிவியில கரடி போடு'ம்பா. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருதரம் சொல்லுவா, அது போட்டுரும்."

"தினமுமா?"

"ஸ்கூல் விட்டு வந்ததும். கரடி ஓடினாத்தான் அவளுக்குப் பால் இறங்கும். உனக்கு எங்க தெரியும், நீ எட்டு மணிக்கு வர்றவ."

அவள் டிவியின் பக்கம் திரும்பினாள். பிறகு குழந்தையை வேறு பாட்டுப் போடச் சொல் என்றாள். போனில் மகளின் குரல் ஸ்பீக்கரை அதட்டியது. அவள் கண்ணெதிரே கரடி நீலக் குடையை மடக்கி வைத்துவிட்டுப் படகில் ஏறியது.

இரண்டு டிவியையும் அவள்தான் வாங்கினாள். ஒரே நாளில், ஒரே கடையில். அப்பாவுக்கு பாஸ்வேர்டு எல்லாம் நினைவிருக்காது என்று இரண்டையும் ஸ்பீக்கர் இருக்கிற தன் கணக்கிலேயே சேர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கேட்டது. இந்த வீட்டு ஹாலில் இருப்பதற்கு ஹால் டிவி என்று வைத்தாள். தன் வீட்டு ஹாலில் இருப்பதற்கும் அதையேதான் வைத்தாள். இரண்டு நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை இங்கே, அவள் மடியில் இருந்தது.

"ஹலோ? என்னாச்சு? அழறியா?" என்றான் கணவன். அவள் துண்டித்துவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கினாள்.

நோட்டு டிவிக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. மின்நிலையப் பதிவேடு போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, நேரம், செயல், குறிப்பு. 16.10 தானாக ஆன். 16.12 நான் ஆஃப். 16.13 தானாக ஆன். ஒரு எழுத்தில்கூட நடுக்கம் இல்லை. ஞாயிறுகளுக்கு நேரே: மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள், டிவி வரவில்லை. நடுவே பதினோரு நாள் வெறுமை. பள்ளி விடுமுறைக்கு அவர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்த பதினோரு நாள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அதை வட்டமிட்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் விட்டிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

கடைசிப் பதிவு அவரை இல்லத்துக்கு அழைத்துப்போன அன்று காலை எழுதியது. நேரம் போடவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும் எழுத்து கோடு தாண்டிச் சாய்ந்திருந்தது: 'ஆபரேட்டர் பிழையாக இருக்கலாம்.'

அவள் நோட்டை மூடிக் கைப்பைக்குள் தள்ளினாள். பல்லால் நூலைக் கடித்தாள். சட்டையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை என்று உதறி மறுபடி மடித்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வாசற்படியில் நின்றான். உள்ளே பார்க்காமல் நிலைச்சட்டத்தைப் பார்த்துப் பேசினான். இல்லத்து ஆபீசிலிருந்து போன், இறப்புச் சான்றுக்கு ஒரு படிவம் எழுதுகிறார்களாம். மறதி எத்தனை மாசமாக என்று கேட்கிறார்கள்.

"அண்ணா" என்றாள் அவள். பைக்குள் கை போயிற்று.

"இரு. நான் சொல்லிடறேன்." அவன் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். "போன வாரம் உனக்குத் தெரியாம அவரைப் பார்க்கப் போனேன். பக்கத்துல உக்காந்து அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். என்னை யாருன்னே தெரியல. சுவரைப் பார்த்துக்கிட்டு, 'நான் எதையும் தொடலீங்க'ன்னாரு. சின்னப் பையன் வாத்தியார்கிட்ட சொல்ற மாதிரி. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நீ சொன்னதுதான் சரி. நான்தான் மடையன் மாதிரி உன்னைப் போட்டுக் கத்திட்டேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ இல்லேன்னா அவர் இங்க தனியா கெடந்து செத்திருப்பாரு. ரோட்டுல சுத்தற பய, நான் என்னத்த பார்த்திருப்பேன்? நீ ஒருத்திதான் அவரைக் கவனிச்சே." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அவங்க லைன்ல இருக்காங்க. எத்தன மாசம்னு சொல்லட்டும்?"

அவள் கை பைக்குள்ளேயே இருந்தது. நோட்டு அட்டையின் முனை விரலில் குத்தியது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். அது தேய்ந்து மறைகிற வரை அவன் காத்திருந்தான்.

"எட்டு மாசம்" என்றாள்.

அவன் போனில் சொன்னான். எட்டு. ஆமாங்க, எட்டு மாசம். எழுதிக்கங்க.

அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள், கதவைச் சாத்தினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள். படியிறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள், அண்ணன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான். குனிந்து பார்த்தாள். வலது செருப்பு இடது காலிலும், இடது செருப்பு வலது காலிலும் இருந்தன.

அவன் தெருவென்றும் பாராமல் அவள் முன்னால் மண்டியிட்டான். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்ட நாட்களில் செய்வதுபோல், ஒவ்வொரு காலாக எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்து, செருப்பைக் கழற்றி, மண்ணைத் தட்டி, சரியான காலில் மாட்டிவிட்டான். அதுவரை அவள் விழாமலிருக்க அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.