ஜோடி முறித்தவர்

2018 ஜூலை 18, புதன்கிழமை. குழந்தை பெற்று வீட்டில் இருந்த எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவருக்கு ஈடாகத் தாமும் வாக்களிக்காமல் விலகியிருப்பதாகச் சொல் கொடுத்திருந்த ஆளுங்கட்சி உறுப்பினர், முந்தைய நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லை மீறி வாக்களித்தார். செய்தி வெளியானதும், தவறுதலாக நடந்துவிட்டது என்றார்கள். அங்கே வாக்களிப்பதென்றால் இருக்கையை விட்டு எழுந்து, தாழ்வாரத்தில் நடந்து, தம் பக்கத்துக் கதவுக்குள் நுழைந்து, பெயரைப் பதிந்துகொண்டு திரும்புவது தவறுதலாக நடக்கக்கூடிய செயல் அன்று.

மியூரியல் ஆக்டன் இதைத்தான் சொல்ல முயன்றார். ஆனால் அவர் வாயில் தயிர்க் கரண்டி இருந்தது. அவர் அதைக் கையால் தள்ளியதில் தயிர் போர்வையில் சிந்தியது.

"முதல்ல டிவி சத்தத்தைக் கூட்டு, பெவ்."

"இதுக்கு மேல கூட்டினா பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்மா."

"குரைக்கட்டும். அதுக்கும் நாட்டு நடப்பு தெரியட்டும்."

பெவர்லி தாயின் மோவாயைத் துடைத்துவிட்டு ஒலியைக் கூட்டினாள். பர்ன்லி நகரத்து அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில், சன்னலை ஒட்டி மருத்துவமனைக் கட்டில் போடப்பட்டிருந்தது. கல்லீரல் புற்றுநோய். மார்ஃபினைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிறு கருவி தலையணைக்குப் பக்கத்தில் அவ்வப்போது முனகியது. வெளியே மழையைக் கண்டு பல வாரங்கள் ஆகியிருந்தன. லங்காஷயர் வட்டாரமெங்கும் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிய கோடை அது.

காலையில் வந்த தாதி ஷஹ்னாஸ் வாசலில் நின்று பெவர்லியிடம் தாழ்ந்த குரலில், "இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு. வேலைக்குப் போயிடாதீங்க," என்று சொல்லியிருந்தார். பிறகு உள்ளே வந்து, எதுவும் சொல்லாதவர் போல் ஊசிக் கருவியைச் சரிபார்த்தபடி, "என்ன செல்லம், இன்னைக்கு எந்த அமைச்சர் ராஜினாமா?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் இல்ல," என்றார் மியூரியல். "விடிஞ்சு கொஞ்ச நேரம்தானே ஆகுது."

இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது என்று நாடு வாக்களித்த நாளிலிருந்து மியூரியல் ஒரு விவாதத்தையும் தவறவிட்டதில்லை. யார் விலகினார், யார் விலகுவதாகச் சொல்லி ஒட்டிக்கொண்டார், எந்த அமைச்சர் எந்தப் பொய்யை எந்த வானொலியில் சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அஞ்சலகத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவர். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்பது அவருடைய ஒரே அரசியல் கொள்கை.

இன்றைய செய்தி மட்டும் அவருக்கு நாடாளுமன்றத்துச் செய்தியாக இல்லை என்பது பெவர்லிக்குத் தெரியும். அந்த வீட்டிலும் ஒரு ஜோடி இருந்தது.

1974 பிப்ரவரியில், திருமணமான முதல் குளிர்காலத்தில், ஒரு பொதுத்தேர்தல் வந்தது. பேருந்து ஓட்டுநரான கிளிஃபர்ட் தொழிற்கட்சி. மியூரியல் பழைமைவாதக் கட்சி. ஒருவர் வாக்கு மற்றவர் வாக்கை அடித்துவிடும். அதற்காக இருவரும் குளிரில் வரிசையில் நிற்பானேன் என்று நாடாளுமன்றத்தின் பழைய வழக்கத்தைக் கடன் வாங்கினார்கள். ஒருவர் வர முடியாதபோது எதிர்த்தரப்பில் ஒருவர் தாமும் விலகி நின்று கணக்கைச் சமன் செய்வதற்கு அங்கே ஜோடி என்று பெயர். அதற்கு எழுத்தில்லை, சாட்சியில்லை, வாய்ச்சொல் மட்டுமே. அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்குப்பதிவு நாளிலும் ஆக்டன் தம்பதி வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. மாலையில் கிளிஃபர்ட் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் மசித்த பட்டாணியும் வாங்கி வருவார். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, இரு கட்சித் தலைவர்களையும் பாகுபாடின்றித் திட்டியபடி சாப்பிடுவார்கள். ஐரோப்பாவில் நீடிக்கலாமா என்று 1975-இல் கேட்டபோதும் அப்படியே; வெளியேற நினைத்த கிளிஃபர்டையும் நீடிக்க நினைத்த மியூரியலையும் 2016-இல் மறுபடியும் கேட்டபோதும் அப்படியே.

அப்படியே என்றுதான் பெயர்.

கிளிஃபர்ட் பூவாளியோடு கூடத்தைக் கடந்து தோட்டத்துக்குப் போகப் பார்த்தார். எண்பதை நெருங்கியும் நிமிர்ந்த உடம்பு.

"கிளிஃப், இங்க வா," என்றார் மியூரியல். "டிவில பாத்தியா?"

"பாத்தேன். எல்லாப் பயலும் ஒண்ணுதான்."

"எல்லாப் பயலையும் நான் கேக்கல. நீ போட்டியா?"

"என்னத்தை?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. நீ போய் ஓட்டுப் போட்டியா, இல்லையா?"

கிளிஃபர்ட் பூவாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "சரியாக் கேக்கல."

"காது மந்தம் எனக்குத்தான். உனக்கில்ல."

"தக்காளி வாடுது, மியூரியல். தண்ணி விட்டுட்டு வந்துடறேன்." அவர் போய்விட்டார். பின்கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

பெவர்லி போர்வையில் சிந்திய தயிரைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்து முடித்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அன்று தந்தையைத் தன் காரில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவள் அவள். மருந்துக்கடைக்கு என்று சொல்லித்தான் ஏறினார். வாக்குச்சாவடிப் பலகையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். அம்மாவோடு ஜோடி இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, "ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது? அவ முடி வெட்டிக்கப் போயிருக்கா," என்றார். அவள் இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தாள். அன்று மாலை அவளும் அந்த மேசையில் உட்கார்ந்து அந்த மீனைச் சாப்பிட்டாள்.

"அவர் போட்டாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் மியூரியல்.

பெவர்லியின் கை நின்றது. "யாரும்மா சொன்னது?"

"பட்டாணி சொல்லிச்சு. தன் கிண்ணத்தை எடுத்து என் பக்கம் தள்ளி, நீயே சாப்பிடுன்னாரு உங்க அப்பா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு ஸ்பூன் பட்டாணி விட்டுக்கொடுத்திருப்பாரா அந்த மனுஷன்? என் தட்டுலேர்ந்து திருடித்தான் பழக்கம்."

பெவர்லிக்குச் சிரிப்பு வந்தது. தாய் சிரிக்கவில்லை.

"அதைக்கூட விட்டுடுவேன். அன்னைக்குக் காலையில நான் கேட்டேன், பெவ். இது கட்சித் தேர்தல் மாதிரி இல்ல, அஞ்சு வருஷத்துல மாத்திக்க முடியாது, இந்த ஒரு தடவை ஜோடியைக் கலைச்சுட்டு ரெண்டு பேருமே போய்ப் போட்டுட்டு வருவோமான்னு கேட்டேன். உங்க அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ஜோடின்னா ஜோடிதான், மியூரியல். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

மூச்சு வாங்கியது. பெவர்லி ஈரப் பஞ்சால் தாயின் உதடுகளை நனைத்தாள். இந்தப் பகுதி அவளுக்குத் தெரியாது. ஒரு பலவீன நேரத்துச் சபலம் என்றுதான் இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். காலையில் மனைவியைக் கட்டிப்போட்டுவிட்டு நண்பகலில் புறப்பட்ட பயணம் என்று அவள் அறியவில்லை.

"அம்மா, அன்னைக்கு அவரை நான்தான்..."

"தெரியும். உன்னைக் கேக்கல. அவர் வாயால வரணும். போட்டேன்னு ஒரு வார்த்தை. அது போதும், நான் நிம்மதியாப் போயிடுவேன்."

பெவர்லி தோட்டத்துக்குப் போனாள். கிளிஃபர்ட் ஏற்கெனவே நனைந்திருந்த மண்ணில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து சொல்லிடுங்கப்பா."

"சாகப்போறவகிட்ட எதுக்கு அதெல்லாம்?"

"சாகப்போறவங்கதான் கேக்கறாங்க."

"ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டு. அது இல்லாட்டியும் நாங்கதான் ஜெயிச்சிருப்போம். அதனால என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறாதுன்னா எதுக்குப் போட்டீங்க?"

கிளிஃபர்ட் பூவாளியைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். மில்லை மூடினாங்க, டிப்போவை வித்தாங்க, என்னை எவனாவது ஒரு வார்த்தை கேட்டானா? அதுக்கப்புறம் முதல் தடவையா ஒரு கேள்வி கேட்டான். பதில் சொல்லாம உக்காந்திருக்க முடியல."

"உங்களைக் கேட்டாங்க. சரி. அம்மாவையும்தானே கேட்டாங்க. அம்மா பதில் சொல்லாம உக்காந்திருந்தாங்களே. நீங்க உக்கார வெச்சீங்களே."

தக்காளிச் செடியின் பழுத்த இலை ஒன்றைக் கிளிஃபர்ட் கிள்ளி எறிந்தார். இன்னொன்றையும் கிள்ளினார், அது பழுத்திருக்கவில்லை.

நண்பகலில் அவர் உள்ளே வந்து கைகளைக் கழுவிக்கொண்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொலைக்காட்சியில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம். ஜோடியை முறித்தது பற்றிக் கேட்டபோது பிரதமரும் தவறுதலாக நடந்தது என்றே சொன்னார். ஒரு பக்கம் கூச்சலிட்டது. மறுபக்கம் தலையாட்டியது.

பெவர்லி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். சொல்லிவிடுவார் என்று நம்பினாள். தாயின் கண்கள் கணவரின் முகத்தில் நிலைத்திருந்தன. அவற்றில் கோபம் இல்லை, ஏறக்குறைய உற்சாகம் இருந்தது.

கிளிஃபர்ட் மனைவியின் கையை எடுத்துத் தம் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"மியூரியல். அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மருந்துக்கடைக்குத்தான் கிளம்பினேன். வழியில பள்ளிக்கூடம். தெரிஞ்சவங்க நாலு பேர் நின்னாங்க. பேசிட்டே நடந்தோமா, நானும் உள்ள போயிட்டேன். தவறுதலாத்தான் நடந்துபோச்சு."

பள்ளிக்கூட வாசலில் அன்று யாரும் நிற்கவில்லை. வயதான ஒரு பெண்மணியின் நாய் மட்டும் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. பெவர்லி வாயைத் திறந்தாள். தாய் விரல் ஒன்றை உயர்த்தியதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

மியூரியல் தம் கையை மெல்ல உருவிக்கொண்டார். அதற்கே அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

"பெவ்," என்றார். "டிவியை நிறுத்து."

"கேள்வி நேரம் இன்னும் முடியலையேம்மா."

"நிறுத்து. இதே பேச்சைத்தான் ரெண்டு வருஷமாக் கேக்கறேன். போதும்."

பெவர்லி அணைத்தாள். அந்த அறையில் இவ்வளவு அமைதியை அவள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு நாய்கூடக் குழப்பமடைந்ததுபோல் ஒரு முறை குரைத்துவிட்டு நிறுத்தியது.

அதன்பின் மியூரியல் பேசவில்லை. பிற்பகலில் மூச்சு தாறுமாறாயிற்று, இடைவெளிகள் நீண்டன. கிளிஃபர்ட் நாற்காலியை விட்டு எழவில்லை. பலமுறை தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு முறையும் பெவர்லி நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர், "தண்ணி வேணுமா, மியூரியல்?" என்றே கேட்டார். தேநீர் வேளையில், பெவர்லி கெண்டியை அடுப்பில் வைக்கப் போயிருந்தபோது, அடுத்த மூச்சு வரவில்லை.

ஷஹ்னாஸ் வந்து நாடி பார்த்தார், கண்களைப் பார்த்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஊசிக் கருவியைக் கழற்றியபடி, "கடைசியா ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டார்.

"டிவியை நிறுத்தச் சொன்னா," என்றார் கிளிஃபர்ட்.

"மியூரியலா? டிவியையா?" என்றார் ஷஹ்னாஸ். பிறகு தந்தையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

இறுதிச் சடங்கு நிறுவனத்தார் இருவர் மாலையில் வந்தார்கள். அந்த வெக்கையிலும் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார்கள். விடைபெற விரும்பினால் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு கூடத்தில் நின்றார்கள்.

பெவர்லி தாயின் நெற்றியில் முத்தமிட்டு, தலைமுடியைச் சீப்பால் ஒதுக்கிவிட்டு விலகினாள். கிளிஃபர்ட் கட்டிலருகே குனிந்தார். அவருடைய உதடுகள் அசைவதை அவள் பார்த்தாள். முணுமுணுப்புத்தான், ஆயினும் சொற்கள் அவளுக்குக் கேட்டன.

"போட்டேன், மியூரியல். வேணும்னுதான் போட்டேன்."

பெவர்லி சீப்பைச் சன்னல் விளிம்பில் வைத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கப்பா," என்றாள். "அம்மாவுக்குக் காது மந்தம்."

கிளிஃபர்ட் திரும்பிப் பார்த்தார். மகளின் முகத்தில் இரக்கம் ஏதேனும் தென்படுமா என்று தேடியவர்போல் இருந்தது. பிறகு கட்டிலின் பக்கம் திரும்பி, பேருந்தின் பின்வரிசைக்குக் கேட்கும்படி இரைந்து பழகிய குரலில் சொன்னார். கூடத்தில் நின்ற இருவரில் இளையவர் வண்டியின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பைப் பார்த்தார். அணைந்திருந்த தொலைக்காட்சித் திரையில் கட்டிலும், சன்னலும், குனிந்த ஒரு முதுகும் தெரிந்தன.

யாருக்கேனும் சொல் கொடுத்துவிட்டு அதை மீறியவர் நீங்கள் என்றால், இதை இங்கேயே மூடி வைத்துவிட்டு எழுந்து போங்கள். அவருக்குக் காது கேட்கும்போதே போய்ச் சொல்லுங்கள், தவறுதலாக நடந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.