கொஞ்சம் மழை, ஹெவி ரெயின்

தம்பிராஜாவிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் அறுநூற்று நாற்பது ஜோடிகள்.

எல்லாம் இங்கிலீஷ் ஜோடிகள். ரெயின் என்றால் ஹெவி. ரிக்ரெட் என்றால் டீப். வெல்கம் என்றால் வார்ம். மலாக்கா டவுனில் ரப்பர் வாங்கிக் கப்பலேற்றும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் இருபத்து மூன்று வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்து வந்தார் அவர். துரைமார் கடிதங்களை நகலெடுத்து நகலெடுத்து ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார். வெள்ளைக்காரன் எந்தச் சொல்லையும் தனியாக வெளியே அனுப்புவதில்லை. துணைக்கு ஒன்றைச் சேர்த்தே அனுப்புவான். எதற்கு எது துணை என்று தெரிந்துவிட்டால் இங்கிலீஷ் தெரிந்துவிட்டது. அர்த்தமா? அது கிடக்கட்டும்.

தினம் மாலை ஆறு மணிக்கு, காஜா பெராங் பகுதியில் இருந்த தம் வீட்டில், ஜோடிக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பழகுவார். வாக்கியத்துக்கு விஷயம் வேண்டுமே! மனைவி கமலவேணி அகப்பட்டாள்.

"மை ஒய்ஃப் மேட் எ பிட்டர் கம்ப்ளெயிண்ட்," என்று ஒரு நாள் உரக்கப் படித்தார்.

"என் பேரு அடிபடுதே, என்ன அது?"

"நீ புகார் சொன்னேன்னு எழுதியிருக்கேன். ரொம்பக் கசப்பா."

"உப்பு தீர்ந்துபோச்சுன்னுதானே சொன்னேன்? சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்!"

"நீ எப்படிச் சொன்னா என்ன? கம்ப்ளெயிண்ட்டுன்னா பிட்டர்தான் வரும்."

"நல்லா இருக்குங்க. பொண்டாட்டி வாய்ல இல்லாத கசப்பு புருஷன் பேனாவுல இருக்கு."

இது நடந்தது ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம். மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இன்னும் இரண்டரை மாதம். துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். போவதற்கு முன் பெரிய கிராணி யார் என்று சொல்லிவிட்டுப் போவார். மின்விசிறிக்கு நேர் கீழே, பெரிய கிராணியின் சுற்றும் நாற்காலி. காலியாக இருந்தது. தம்பிராஜா தினமும் காலையில் தம் கைக்குட்டையால் அதைத் துடைத்து வந்தார். அது அவருக்குத்தான் என்பதில் ஆபீஸில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சேதுபதிக்கு மட்டும் இருந்தது. செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருகிற கிராணி. பத்து வருஷம் இளையவன்.

"அண்ணே, இன்னைக்கு ஹெவியா, டீப்பா?"

"நீ எழுதுறது கடிதமா தம்பி? சொல்லெல்லாம் அநாதையா நிக்குது. பார்க்கவே பாவமா இருக்கு."

"அநாதைதான். ஆனா பொய் சொல்லாதுண்ணே."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. டெலிபோன் அலறியது. தம்பிராஜா எடுத்தார்.

செங் என்ற ஊரில் இருந்த கம்பெனி ஸ்டோரிலிருந்து, அதைப் பார்த்துக்கொள்ளும் தேவதாஸ். அவனும் காஜா பெராங்காரன்தான்; பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய மலாக்கா செட்டி வம்சம். சாமிக்குப் படைப்பதெல்லாம் நம் மாதிரிதான், பேச்சு மட்டும் மலாய்.

"உஜான் சிகிட் சஜா லா, கெரானி," என்றான் தேவதாஸ். மழை கொஞ்சம்தான். கூரையில் ஓர் ஓட்டை. ரப்பர் ஷீட்டில் இரண்டு கட்டு நனைந்துவிட்டது. வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். அவ்வளவுதான்.

கப்பலுக்குப் போகிற சரக்கு. ஆகவே சிங்கப்பூர் தலைமை ஆபீஸுக்கு எழுத வேண்டும். துரை பீங்கான் தட்டுகளைச் சுற்ற வைக்கோல் தேடிக்கொண்டிருந்தார்.

"நீயே எழுது, தம்பிராஜா. கையெழுத்துப் போடுகிறேன்."

தம்பிராஜா பேனாவைத் திறந்தார். இந்த ஒரு கடிதம் போதும், நாற்காலி தமக்குத்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

ரெயின் என்று எழுதப் போனார். ஹெவி வந்து முன்னால் நின்றது. ஒரு கணம் பேனா தயங்கியது. சிகிட் சஜா என்றானே? லைட் ரெயின் என்றும் வெள்ளைக்காரன் எழுதுவது உண்டு. ஆனால் தம்பிராஜாவின் நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரே துணைதான். அந்த விஷயத்தில் அவர் ஸ்ரீராமன்.

ஹெவி ரெயின் உட்கார்ந்தது. அதன் பின்னால் மற்றவை தாமாகவே வந்தன. டேமேஜா? சீரியஸ். லாஸா? ஹெவி. கன்ஸர்னா? கிரேவ். கடைசியில் இமீடியட் ஆக்ஷன். படித்துப் பார்த்தார். கண் கலங்கியது. அவ்வளவு அழகு!

துரை வைக்கோலும் கையுமாக வந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து தந்தி. கப்பலில் பிடித்து வைத்த இடத்தை ரத்து செய்தாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் அதிகாரி புறப்பட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் செங் ஸ்டோர் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வெள்ளத்தில் நடக்க வந்தவர் புழுதியில் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் துரை, அவருக்குப் பின்னால் தம்பிராஜா.

கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் தேவதாஸின் சாரோங்கும் காய்ந்தது. இரண்டில் சாரோங்தான் அதிகம் நனைந்திருந்தது.

இருபது வருஷம் மலாயாவில் இருந்த துரைக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. நேராகத் தேவதாஸிடம் போனார்.

"உஜான் பெசார்கா?" பெரிய மழையா என்று கேட்டார்.

"பெசார்?" தேவதாஸ் சிரித்துவிட்டான். சுண்டுவிரல் நுனியைக் காட்டினான். "தாக் லா, துவான். சிகிட் சஜா. கெரானிகிட்ட அன்னைக்கே சொன்னேனே!" கடைசி வரியையும் மலாயில்தான் சொன்னான். தம்பிராஜாவுக்குத்தான் அது தமிழில் விழுந்தது, நெஞ்சில்.

அதிகாரி துரையைப் பார்த்தார். துரை தம்பிராஜாவைப் பார்த்தார். தம்பிராஜாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"நாலு மணிக்குள் விளக்கம் எழுதி என் மேஜையில் வை," என்றார் துரை.

ஆபீஸில் சேதுபதி குனிந்து கிசுகிசுத்தான். "அண்ணே, துரை படிக்காம கையெழுத்துப் போட்டாரு. அதையும் ஒரு வரி எழுதுங்க. பழி பாதிப் பாதியாப் போயிடும். எனக்கு நாற்காலி வேணும்தான், ஆனா இப்படி வேணாம்."

தம்பிராஜா நோட்டைப் புரட்டினார். ரெஸ்பான்ஸிபிலிட்டி. துணை: ஃபுல்.

"பாதின்னு போட முடியாது தம்பி."

"ஏண்ணே?"

"நோட்டுல இல்ல."

முழுப் பொறுப்பும் தம்முடையது என்று எழுதிக்கொடுத்தார். துரை இந்தக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. தம் கையாலேயே உறையில் போட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்.

மறு வாரம் தம்பிராஜாவின் மேஜைக்குத் துரையிடமிருந்து ஒரு கவர் வந்தது. வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தார். பெரிய கிராணி வேலை உனக்கு இல்லை என்பதில் டீப் ரிக்ரெட். லாங் சர்வீஸுக்கு நன்றி. உனக்கு பிரைட் ஃபியூச்சர் இருக்கிறது. தம்பிராஜாவுக்கு வயது நாற்பத்தொன்பது.

"நாற்காலி கிடைச்சுதா?" என்று கேட்டாள் கமலவேணி.

"சேதுபதிக்கு."

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். "என்னதான் எழுதியிருக்கான்?"

"ஆழ்ந்த வருத்தமாம்."

"யாருக்கு, துரைக்கா?"

தம்பிராஜா யோசித்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட எத்தனையோ எடை போடுகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் டீப் ரிக்ரெட் எழுதிக் கொடுத்தது அவர் கைதான். ஒரு தடவைகூட அந்தக் கைக்கு வருத்தம் வந்ததில்லை.

"துரைக்கு இல்ல," என்றார். "கடிதத்துக்கு."

கமலவேணி தேத்தண்ணி போட உள்ளே போனாள். தம்பிராஜா பென்சிலை எடுத்தார். டீப் ரிக்ரெட், இருக்கிறது. லாங் சர்வீஸ், இருக்கிறது. பிரைட் ஃபியூச்சர், முதல் பக்கத்திலேயே இருக்கிறது. துரையும் இதே நோட்டைத்தான் படித்திருக்க வேண்டும்!

கடைசி வரியில் பென்சில் நின்றது. ஹை எஸ்டீம். இது புதுசு.

நோட்டைத் திறந்தார். அறுநூற்று நாற்பத்தொன்று என்று எண் போட்டார். ஜோடியை எழுதினார். பழக்கப்படி, அதன் கீழே ஒரு வாக்கியமும் இங்கிலீஷில் எழுதினார்: என் துரை என்மேல் மிக உயர்ந்த மதிப்பு வைத்திருக்கிறார்.