ஓசி மிட்டாயில் என்ன இருந்தது

1

"அந்த டப்பாவைக் காட்டுங்க சார். அதுல என்ன போட்டிருக்குன்னு நான் பாக்கணும்."

கதையை இங்கேதான் தொடங்க வேண்டும். 'கொடுத்ததை வாங்கிக்கோ, என்ன போட்டிருக்குன்னு மட்டும் கேக்காதே' என்று அம்மா சொல்லி வளர்த்தவள் கேட்கிறாள். இந்தக் கதை பிறந்த இடம் என் வயிறு. வயிற்றுப்போக்கைப் பற்றி 'நான்' போட்டு எழுதக் கூச்சம், அதனால் 'அவள்'.

2

(எழுதி அடித்துவிட்ட தொடக்கம்: "அந்தி வெயில் ஜன்னல் வழியே..." அங்கே ஜன்னலே கிடையாது.)

அவள் வேலை பார்ப்பது வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கூடம். தொண்டை வறளாமலிருக்க மேற்பார்வையாளர் சர்க்கரையில்லா மிட்டாயை அள்ளி வைப்பார். நாள் முழுக்கச் சப்புவாள். வயிறு பானையாக உப்பும், கழிப்பறைக்கு ஓடுவாள். இன்னும் இப்படி எழுந்து ஓடினால் வேலை நிரந்தரமாகாது என்று அவர் சொல்லியாயிற்று. வீட்டின் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளக்காரி.

3

குடலில் புளித்து வாயு கிளப்புபவற்றைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொன்னார் உணவு ஆலோசகர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால். 'ஃபாட்மேப்' குறைந்த உணவு என்று பெயர். அம்மா பெயரையெல்லாம் கேட்கவில்லை. மறுநாளே வீட்டில் வெங்காயம் இல்லை.

"உங்களுக்குத் தனியா செய்யலாமில்லம்மா?"

"ஒரு அடுப்புல ரெண்டு சமையலா? உங்கப்பாவுக்கு நாக்கு செத்தா பரவால்ல. நீ பொழச்சுக்கோ."

(இங்கே நன்றியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் "போடி" என்பாள். எடுத்துவிட்டேன். நன்றி அப்படியே இருக்கிறது.)

அப்படியும் வயிறு அடங்கவில்லை. ஆலோசகர் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சில இனிப்பூட்டிகளையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். அதெல்லாம் சர்க்கரை நோயாளிகளுக்கு என்று நினைத்து இவள் காதில் வாங்கவில்லை. இவள் ஓடும்போதெல்லாம் இவளுடைய அழைப்புகளையும் எடுத்த பக்கத்து இருக்கை அக்காதான் கேட்டாள்: "எல்லாத்தையும் நிறுத்திட்டே. வாயில கிடக்கறதை நிறுத்தினியா?"

4

"ஓசியில குடுக்கறதுக்கு விசாரணை வேறயா?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை நீட்டினார் மேற்பார்வையாளர்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் வாயிலும் ஒரு மிட்டாய்.)

டப்பாவின் அடியில் பொடி எழுத்து. சார்பிட்டால், மால்டிட்டால்: ஆலோசகர் சொன்ன அதே இனிப்பூட்டிகள். அதிகம் உண்டால் வயிறு இளகும். உரக்கப் படித்தாள்.

"குடுத்தது நீங்க. ஓடினா தப்பு என் மேலயா?"

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா. எழுந்துக்கணும்னா கை தூக்கிக் கேளு."

5

முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்கிறார். நீங்களே நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு: வேலை போகிறது, அம்மா வெறும் ரசத்தை...

மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் சப்பியது வயிற்றை முறுக்கியது. அக்கா இவளுடைய அழைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போ என்று கண்ணைக் காட்டினாள். இவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். கை தூக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள், முதல்முறையாக ஓடாமல், நடந்து.