வேப்பிலைப் பக்குவம்

ஒரு யுகம் முடிந்துவிட்டது என்று கோவிந்தப்பன் பந்தலில் நின்று அறிவித்தார். முடிந்தவர் அவருடைய அண்ணன் தீர்த்தகிரி. பேரிகை கிராமத்தில் மூன்று ஏக்கர் ரோஜாவும், எல்லார் வீட்டு விஷயத்திலும் ஒரு கருத்தும் வைத்திருந்தவர். முந்தின நாள் காலை, டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

"சொன்ன சொல் மாறாத மனுசன்," என்றார் கோவிந்தப்பன். "அவரு வாயில பொய்யே வந்ததில்ல."

தலைமாட்டில் மருமகள் பொற்கொடி இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓசூரில் வேலைக்குக் கிளம்பியவள், சந்தன நிறச் சுடிதாரோடு அப்படியே வந்திருந்தாள்.

"மாமனாரு மேல எம்மாம் பாசம் பாரு," என்றாள் பக்கத்து வீட்டு நாராயணம்மா. "பெத்த பொண்ணே எழுந்துபோய் காபி குடிச்சுட்டு வந்துட்டா."

பொற்கொடிக்குப் பால் கட்டியிருந்தது.

மகன் தக்ஷித்துக்கு மூன்று வயது முடிய இரண்டு மாதம். இந்த வீட்டைப் பொறுத்தவரை அவன் தாய்ப்பால் மறந்து ஏறக்குறைய இரண்டு வருடம். முதல் பிறந்தநாளன்று தீர்த்தகிரி, ஒரு வருடத்துக்கு மேல் குடிக்கிற பையன் ரோஷமில்லாமல் வளருவான் என்று தீர்ப்புச் சொன்னார். மறுவாரமே பொற்கொடியின் புருஷன் ஸ்ரீராம் போனில், "மறக்க வெச்சாச்சுப்பா" என்று முடித்துக்கொண்டான். அப்பாவிடம் வாதாடுவதைவிட அவனுக்குப் பொய் சுலபம். எப்படி மறக்க வைத்தாய் என்று நாத்தனார் தமிழ்செல்வி கேட்டபோது, வேப்பிலையை அரைத்துத் தடவினேன் என்று பொற்கொடியும் சொல்லிவைத்தாள். அந்தப் பக்குவத்தை மாமனார் ஊர் முழுக்கப் பரப்பினார். தெருவில் இரண்டு குழந்தைகள் அதிலேயே மறந்தன.

அதன்பின் பேரிகைக்கு வரும்போதெல்லாம் பாகலூர் தாண்டி ஒரு புளியமர நிழலில் கார் நிற்கும். கண்ணாடியில் துணியை மாட்டிவிட்டு, வயிறு நிறையக் கொடுத்து, தாத்தா வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லி அழைத்து வருவாள். மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

சாவு மூன்று மணி நேரத்தில் முடிகிற காரியமாக இல்லை. பாத்ரூமில் பீய்ச்சிவிடலாம் என்று இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் யாரோ கதவைத் தட்டினார்கள். இரவில் குழந்தையைத் தமிழ்செல்வி தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவன் அழுதபோது, தாத்தாவைத் தேடுகிறான் என்றார்கள்.

கோவிந்தப்பன் அடுத்த விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணி ஒண்டியா இருக்க முடியாது. பையன் இங்கியே வளரட்டும். பாலும் எப்பவோ மறந்துட்டான். பொற்கொடி கம்பெனிக்குப் போய்க்கினு, ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கட்டும். இன்னாப்பா ஸ்ரீராமு?"

"சரிங்க சித்தப்பா."

மாமியார் சரோஜம்மாள் அழுகைக்கு நடுவே தலையாட்டினாள்.

"கம்பெனியில பிள்ளைகளப் பாத்துக்கிற கிரீச்சுல சேத்திருக்கோம் மாமா," என்றாள் பொற்கொடி. "என்னைய விட்டு அவன் இருக்க மாட்டான்."

"எல்லாம் இருப்பான். உங்க திண்டுக்கல் பக்கம் கல்யாணம் ஆகற வரைக்கும் புள்ளைய இடுப்புலியே வெச்சுக்கினு இருப்பீங்களாட்டம் இருக்குது."

பந்தலில் சிரித்தார்கள். பிறகு பிணம் கிடப்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள்.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அவள் புருஷனைப் பிடித்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்றேன்."

"அப்பா ஊரு பூரா சொல்லி வெச்சுக்கிறாரு. இப்பப் போய்ச் சொன்னா அவரு பொய்யன்னு ஆயிடும். இன்னும் எடுக்கக்கூட இல்ல."

"எடுத்தப்பறம்?"

"காரியம் முடியட்டும். பதினாறு நாள்தான்."

"அதுக்குள்ள எனக்கு வத்திப்போயிரும்ங்க."

"மெதுவா பேசு," என்று சொல்லிவிட்டு, மாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனான்.

பன்னிரண்டு மணிக்குப் பாடை தயாரானது. பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். தமிழ்செல்வி தக்ஷித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொளுத்திய பந்தத்தை அவன் கையில் திணித்தாள். நெருப்பைக் கண்டதும், நேற்றிலிருந்து அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து அவன் கத்தினான். "அம்மா" என்றான். கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பந்தத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் குரல் பொற்கொடியின் மார்புக்குள் நேராக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கைகளால் அழுத்தினாள்.

"மருமக, வாய்க்கரிசி போடு," என்றார்கள்.

தட்டை ஒரு கையால் வாங்கி மறு கையால் போட வேண்டும். கைகளைப் பிரித்தாள். அவள் குனிந்தபோது, அத்தையின் இடுப்பிலிருந்து எட்டிய தக்ஷித் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். ஒரு முனை அவன் கைக்குப் போயிற்று, மறுமுனை இன்னும் அவள் தோளில் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவள் பொறுமையாக மூன்று முறை அரிசியைப் போட்டாள். துப்பட்டா முழுவதும் அவனிடம் போய்விட்டது.

நிமிர்ந்து, தட்டைக் கோவிந்தப்பனிடம் நீட்டினாள்.

"அழுவாதடா கண்ணு," என்று அவர் தொடங்கியிருந்தார். "நீ தாத்தா வாக்குப்படி ஒரே வருசத்துல பால மறந்த…"

நீட்டிய தட்டை அவர் வாங்கவில்லை.

சந்தன நிறச் சுடிதாரின் மார்பு, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது.