நாலு நிமிடம் இருபது விநாடி

...கேபிளாகத்தான் இருக்கும், கேபிளாகவே இருந்து தொலையட்டும், எலி கடித்ததோ கதவிடுக்கில் நசுங்கியதோ எதுவானாலும் சரி, எலியை யாரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே அவன் மூன்றாம் மாடியின் போர்வை அறையில் முழங்காலிட்டு உட்கார்ந்து சுவரோரத்து இரும்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஸ்விட்ச். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுவது என்றுதான் பாதி உலகம் நினைக்கிறது, அவன் மாமியார் உட்பட, மாப்பிள்ளை ஸ்விட்ச் வேலை பார்க்கிறார் என்று அவர் சொல்லிவைத்ததில் அந்தத் தெருவில் எந்த வீட்டு மின்விசிறி நின்றாலும் இவனைத்தான் தேடுகிறார்கள்... இது வேறு, இருபத்து நாலு ஓட்டை உள்ள தட்டைப் பெட்டி, இந்த மாடியின் எட்டு நோயாளி அறைகளிலும் இருக்கிற கேமராக்களின் கேபிள்கள் இதில்தான் வந்து சேர்கின்றன, இங்கிருந்துதான் நர்ஸ் மேஜையின் திரைக்குப் படம் போகிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பச்சை விளக்கு, எல்லாம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆறாம் அறையின் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கையோடு கொண்டுவந்த புதியதைச் செருகினான், அதுவும் சமர்த்தாகச் சிமிட்டியது. ஒரு விளக்கு, ஒரே ஒரு விளக்கு அணைந்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை இதே இடத்தில்தான், இதே முழங்கால் வலியோடு... அன்றைக்குப் புகார் வேறு. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, முகம் ஒரு பக்கம் மூக்கு ஒரு பக்கம் போகிறது, கீழே வரவேற்பு மேஜையில் பிரிண்டர்கூட முக்கி முனகுகிறது என்றார்கள். பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிடம் கண்டுபிடித்துவிட்டான், அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்புகூட, எட்டு கேமராக்களின் படமும் கேட்டவர் கேட்காதவர் எல்லோர் வாசலிலும் போய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கேட்ட இடத்துக்கு மட்டும் அனுப்பு என்று ஸ்விட்ச்சில் ஒரு செட்டிங் போட்டான், படம் பளிங்காகிவிட்டது. இங்கே எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடும் தலைமை நர்ஸ், நீங்க கை வச்சாலே சரியாயிடுது சார் என்றார், அந்த வார்த்தையில் குளிர்ந்துபோய், அவர் கேட்ட இன்னொரு உதவியையும் செய்துகொடுத்தான், படத்தின் மேல் ஓரத்தில் ஓடும் மணி, அந்த எண்கள் நோயாளிகளின் முகத்தை மறைக்கின்றனவாம், எடுத்துவிட்டான். பிறகு நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தான். எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டரை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும், அவள் வாசலில் நின்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள், படிவத்தில் சரிசெய்யப்பட்டது என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் படிகளில் இரண்டிரண்டாக இறங்கினான். இரண்டு நிமிடம் ஓடிய படம் இனி நிற்காது என்பது அவன் தொழிலில் எல்லோரும் நம்புவது, யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இன்று காலை போனில் பெரிய சிஸ்டர், படம் நின்னு போகுது சார் என்று மட்டும்தான் சொன்னார். ரெண்டாம் ரூம்ல நான் எடுத்துட்டு வந்த சாப்பாட்டுத் தட்டு ஸ்கிரீன்ல இன்னும் அங்கயே இருக்கு, அந்தப் படத்துல ஒரு தட்டு தட்டினா திரும்ப ஓடுது, காலையிலேருந்துதான் இப்படி. மற்றதெல்லாம் நேரில் வந்த பிறகுதான், அதுவும் போர்வைகளை மடித்துக்கொண்டே, இவன் முகத்தைப் பார்க்காமல். ஆறாம் அறையில் ஒரு பெரியவர், நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், எல்லோருக்கும் டிரைவர் ஐயா, தூக்கத்திலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்துவிட்டார். தலையில் அடி. நாற்பது நிமிடம் தரையில் கிடந்திருக்கிறார், தரை துடைக்க வந்த அம்மாதான் பார்த்துக் கத்தியது.

"மேஜையில சின்ன சிஸ்டர் இருந்தா சார். ஸ்கிரீனைப் பாத்துட்டுத்தான் இருந்தேங்கறா. இன்னைக்குத்தான் கையை ஆட்டாம அசந்து தூங்கறார்னு சந்தோஷமா இருந்துச்சு சிஸ்டர்னு என்கிட்ட சொல்லி அழறா. தரையில கிடக்கிற மனுஷன் கட்டில்ல எப்படித் தூங்குவாரு? போனை நோண்டிட்டு இருந்திருப்பான்னு மேனேஜர் சொல்றாரு. நான் என்னன்னு சொல்ல."

"இப்ப அவர் எப்படி இருக்கார்?"

"விடியக்காலையில தவறிட்டாருங்க."

சொல்லிவிட்டு இன்னொரு போர்வையை உதறினார். பதினொன்றரைக்கு மேனேஜர் அறையில் விசாரணை, சின்ன சிஸ்டரை வேலையை விட்டு அனுப்புவதோடு முடியாது, இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் உடுப்புப் போட முடியாதபடி மேலிடத்துக்கு எழுதப்போகிறார்கள் என்றார். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம்.

அவன் லேப்டாப்பை மடியில் வைத்து ஸ்விட்ச்சோடு இணைத்தான். வேண்டாம், தெரிந்துகொள்ளாமலே போய்விடலாம், பெட்டி பழசு, மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு... விரல் அதற்குள் தட்டிவிட்டது. அவன் வியாழக்கிழமை போட்ட செட்டிங் இருந்தது. அதற்குக் கீழே போட வேண்டிய இரண்டாவது வரி இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் ரொம்பச் சின்னது, மகளுக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம். திரை ஒரு தடவை, எனக்கு ஆறாம் அறை வேண்டும் என்று கேட்கும், ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும், அனுப்பும். அதன் பிறகு யாராவது ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, இன்னும் வேணுமா, யாராவது பாக்கறீங்களா என்று குரல் கொடுக்க வேண்டும், திரை ஆமாம் என்று பதில் சொல்லும். குரல் கொடுக்க ஆள் இல்லையென்றால் திரையும் வாயைத் திறக்காது, ஸ்விட்ச் நாலு நிமிடம் இருபது விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று படத்தை நிறுத்திவிடும். திரையோ கடைசியாக வந்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும், கறுக்காது, மணியும் அடிக்காது. மற்ற கட்டடங்களில் எல்லாம் கீழே இருக்கும் பெரிய பெட்டி தானாகக் குரல் கொடுக்கும், இங்கேயும் கொடுக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான், நினைத்ததோடு சரி, பார்க்கவில்லை. நாலு நிமிடம் இருபது விநாடி. அவன் உட்கார்ந்திருந்தது இரண்டரை. இன்னும் இரண்டு நிமிடம் அந்த நாற்காலியில் பிட்டத்தை வைத்திருந்தால்... மணி எண்களாவது இருந்திருக்கக் கூடாதா, எண் ஓடவில்லை என்றால் அந்தப் பெண் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாளே, அதையும் இவன்தான் போய் எடுத்துத் தொலைத்தான், பெரிய உபகாரம்.

நீயே குரல் கொடு என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்லும் ஒரு வரி. இப்போது தட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், படம் பிறகு நிற்கவே நிற்காது, வியாழனிலிருந்து இன்றுவரை இந்த வரி இல்லாமல் இருந்தது என்று இந்தக் கட்டடத்தில் எந்த உயிருக்கும் தெரியாது. அவன் முதலாளிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்பதும் தெரியும், நம்ம வேலை பெட்டியோட முடிஞ்சுதுப்பா, வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. மனைவி என்ன சொல்வாள்? அவள் முதலில் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். விரலைத் தூக்கினான். இல்லை, முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும், ஒருவேளை நிற்காமல் ஓடினால்? ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே அந்தப் பெண் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளோ? அப்படி இருந்துவிடக் கூடாதா என்று மனசு ஒரு கணம் ஏங்கியது, முன்பின் பேசியிராத ஒரு பெண் பொய்க்காரியாக இருக்க வேண்டும் என்று. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நர்ஸ் மேஜைக்குப் போய் உட்கார்ந்து ஆறாம் அறையின் படத்தைத் தட்டினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்தாறுக்கு மேல் நிற்கிறதா பார்க்கலாம், நிற்கிற அந்த நொடியைக் கண்ணால் பிடித்துவிட வேண்டும். திரையில் காலியான கட்டில், சுருட்டிய தலையணை. பெரிய சிஸ்டர் உள்ளே வந்து மெத்தை விரிப்பை உருவினார், மத்தியானம் வேறு ஒருவர் அந்தக் கட்டிலுக்கு வருகிறாராம். ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது, விரிப்பின் மடிப்புகூடத் தெரிகிறது... மகள் பிறந்த புதிதில் தொட்டிலில் அசையாமல் கிடப்பாள், இவன் குனிந்து மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான், அது முழித்துக்கொண்டு அழுது ஊரைக் கூட்டும், மனைவி திட்டுவாள், தூங்கற குழந்தையை எழுப்பற அப்பனை இப்பத்தான் பாக்கறேன் என்று. பக்கத்தில் இருந்தால் விரலை வைக்கலாம். திரையில் விரலை வைத்து என்ன தெரியும்? பெரிய சிஸ்டர் விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுதான் தெரிந்தது, ஒரு கை வெறும் மெத்தையின் மேல். உட்காரட்டும், அவரும் மனுஷிதானே, காலையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டு கறாராக நடமாடியவர், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து... அந்த டிரைவர் ஐயாவுக்கு எத்தனை நாள் சோறு ஊட்டியிருப்பார். இந்த அம்மாளிடம் சொல்லிவிடலாம், இப்படி உட்காரத் தெரிந்தவரிடம் சொல்லலாம், சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு... எப்படி ஆரம்பிப்பது? படம் நின்றது ஞாயிற்றுக்கிழமையும்தான், நிறுத்தியது நான் என்றா? தெரிந்து செய்ததில்லை என்றா? அந்தப் பெண்ணும்தான் தெரிந்து செய்யவில்லை, அவளுக்கு வேலை போகும், அப்படியானால் இவனுக்கு என்ன போக வேண்டும்? கம்பெனி கைகழுவிவிடும், வேறு வேலை கிடைக்கும், கிடைக்குமா, ஒரு சாவு பேரோடு ஒட்டிக்கொண்டால்... அழுகிறாரோ? தோள் குலுங்கவில்லை. அழுகையையும் அடக்கத் தெரிந்தவர், இந்த வேலையில் வருடக்கணக்காக இருந்தால் அப்படித்தான் ஆகும் போல, பாவம், எவ்வளவு நேரமாக ஒரு அசைவும் இல்லாமல் அந்தக் கையை அப்படியே...

"சார், இதுல ஒரு கையெழுத்து வேணுமாம்."

காகிதம் மேஜையில் வந்து விழுந்தது. மேனேஜர் குடுத்து விட்டாரு, ஞாயித்துக்கிழமை கேமரா எல்லாம் நல்லா வேலை செஞ்சுதுன்னு டெக்னீசியன் எழுதிக் குடுத்தா போதுமாம், மேல நீங்களே தேதி போட்டுக்கங்க என்று சொல்லிக்கொண்டே பேனாவையும் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, சரிங்க சிஸ்டர் என்றான். சொன்ன பிறகுதான் குரல் எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. மெதுவாகத் திரும்பினான். பெரிய சிஸ்டர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார், மாடி ஏறி வந்ததில் லேசாக மூச்சு வாங்கியது. திரையிலும் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு, மெத்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு.

அவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"நான் அப்பவே எந்திரிச்சிட்டேனே," என்றார். "ஷூ லேஸ் கட்டத்தான் உட்காந்தேன். துணியெல்லாம் கீழ போட்டுட்டு, மேனேஜரைப் பாத்துட்டு வரேன்."

கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று நாலு. எப்போது நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம், அது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் அதைப் பிடிக்கத்தானே கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தான், நிற்கும் என்று தெரிந்து, எந்த நிமிடம் என்றுகூடத் தெரிந்து. நின்ற படத்தைப் பார்த்துத்தான் எட்டு நிமிடமாக உருகிக்கொண்டிருந்தானா?

பெரிய சிஸ்டர் குனிந்து திரையில் இருந்த தன் முதுகை உற்றுப் பார்த்தார். கை தானாக வாய்க்குப் போனது. பிறகு மிக மெல்ல, கேட்கப் பிடிக்காதவர் போல, "சார்... இது இன்னைக்குக் காலையிலேருந்துதானே?" என்றார்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், பார்வை மேஜைக்கு இறங்கியது. மேனேஜரின் காகிதத்தில் மேல் மூலையில் இன்றைய தேதி எழுதியிருந்தது, அவன் கையெழுத்தில், மை இன்னும் காயாமல். அதை எப்போது எழுதினான்?